முதல் துப்பறியும் கதை: ஹோம்ஸா, பொய்ரோவா, வேறு யாராவதா?

அக்கா மகன் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறான். ஆறு வாரம் எழுந்திருக்கக் கூடாது. நாலாம் நாளே போனில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து அலுத்துப் போய் என்னைக் கூப்பிட்டான். "சித்தி, நீங்கதான் எப்பப் பார்த்தாலும் டிடெக்டிவ் கதையும் கையுமா இருப்பீங்களே. எனக்கு ஒரு புக் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. லிஸ்ட் போட்டு அனுப்பிடாதீங்க."

லிஸ்ட் என்றால் உடனே கொடுத்திருப்பேன். பதினொரு வயதில் பிடித்த பைத்தியம், நாற்பது வருஷமாகியும் தெளியவில்லை. ஒன்றே ஒன்று என்றதும்தான் தடுமாறிவிட்டேன். இந்த வகையில் முதல் புத்தகம் தப்பாகிப்போனால் ஆள் இரண்டாவதுக்கு வருவதே இல்லை. ஒருமுறை என் சிநேகிதி ஒருத்திக்கு, கொடுப்பதுதான் கொடுக்கிறோம், பெரிதாகவே கொடுப்போம் என்று வில்க்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' நாவலைக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அறுபதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. அதற்கப்புறம் அவள் துப்பறியும் கதைப் பக்கமே திரும்பவில்லை.

எனவே இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு அலமாரி முன்னால் உட்கார்ந்தேன்.

முதலில் கழித்துக்கட்டியது, "ஆரம்பத்திலிருந்தே வரிசையாகப் படிப்போம்" என்ற யோசனையை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எட்கர் ஆலன் போ 1841-இல் எழுதிய 'தி மர்டர்ஸ் இன் தி ரூ மார்க்' கதையைத்தான் இந்த வகையின் தொடக்கமாகச் சொல்வார்கள். பாரிஸில் உள்ளே தாழிட்ட அறை, இரண்டு பெண்களின் கொலை, திகைத்து நிற்கும் போலீஸ், அலட்டிக்கொள்ளாமல் யோசிக்கும் டூபான் என்ற மனிதர், அவர் பெருமையைச் சொல்ல ஒரு நண்பர். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கடன் வாங்கிய சாமான்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. ஆனால் கதை தொடங்கும் முன் சதுரங்கம் உசத்தியா, டிராஃப்ட்ஸ் உசத்தியா என்று ஒரு பிரசங்கம் உண்டு. கால் வலியோடு படுத்திருப்பவனிடம் அதைக் கொடுக்க மனசு வரவில்லை.

'தி மூன்ஸ்டோன்' 1868-இல் வந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கொள்ளைபோன ஒரு வைரம், இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்து சேர்கிறது, அன்று இரவே காணாமல் போகிறது. ஆளுக்கொரு பகுதியாகப் பலர் கதையைச் சொல்கிறார்கள். அதில் பெட்டரெட்ஜ் என்று ஒரு முதிய காரியஸ்தர் வருவார். எந்தச் சிக்கல் வந்தாலும் 'ராபின்சன் குரூசோ'வைப் பிரித்து, கண்ணில் பட்ட பக்கத்தில் பரிகாரம் தேடுவார். அவருக்காகவே நான் அந்த நாவலை மூன்று தடவை படித்திருக்கிறேன். ஆனால் அது இந்த வகைமேல் ஏற்கெனவே ஆசை உள்ளவர்களுக்கான புத்தகம். ஆசை மூட்டுகிற புத்தகம் இல்லை. ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' (1887) பற்றியும் ஒரு வார்த்தை: பாதிக் கதையில் ஹோம்ஸ் ஆளைப் பிடித்துவிடுகிறார், உடனே கதை அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக்குத் தாவி, அத்தியாயக் கணக்கில் அங்கேயே சுற்றுகிறது. புதிதாகப் படிப்பவர்கள் பக்கம் ஏதோ மாறி அச்சாகிவிட்டது என்றே நினைப்பார்கள்.

ஆக, வயதில் மூத்தவர்கள் எல்லாம் போய், நாலு பேர் மிஞ்சினார்கள். ஆர்தர் கோனன் டாயிலின் ஹோம்ஸ். அகதா கிறிஸ்டியின் பொய்ரோவும் மிஸ் மார்ப்பிளும், இவர்களை ஒரே ஆளாகத்தான் கணக்கு வைத்துக்கொண்டேன். செஸ்டர்டனின் ஃபாதர் பிரவுன். ஜார்ஜ் சிமெனோனின் பாரிஸ் போலீஸ் அதிகாரி மெக்ரே. இவர்களில் யார் கெட்டிக்காரர் என்று ஒப்பிடுவது வீண். எழுதியவர் நினைத்தால் எவரும் கெட்டிக்காரர்தான். நான் பார்ப்பது வேறு. படிக்கிறவரை இவர்கள் எங்கே உட்கார வைக்கிறார்கள்?

ஹோம்ஸ் நம்மை வேடிக்கை பார்க்க உட்கார வைக்கிறார். 'தி ரெட் ஹெடட் லீக்' என்ற சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேபஸ் வில்சன் என்று ஒரு அடகுக்கடைக்காரர், தலைமுடி நெருப்பு நிறம். அந்த முடிக்காகவே ஒரு சங்கம் அவருக்கு வாரம் 4 பவுண்டு சம்பளம் தருகிறது. வேலை என்ன? தினமும் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை ஓர் அறையை விட்டு நகராமல் உட்கார்ந்து பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுத வேண்டும். எட்டு வாரம் எழுதுகிறார். 'ஏ' எழுத்தே இன்னும் தீரவில்லை. ஒரு நாள் காலை போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது, 'சங்கம் கலைக்கப்பட்டது' என்று ஓர் அட்டை அடித்திருக்கிறது. கொலை இல்லை, கொள்ளை இல்லை. பாவம், மனுஷனுக்கு வந்துகொண்டிருந்த வருமானம் நின்றுபோனது, அவ்வளவுதான். ஹோம்ஸும், கதையைச் சொல்லும் அவர் நண்பர் வாட்சனும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். நாமும்தான்.

பிறகு ஹோம்ஸ் அந்தக் கடை இருக்கும் தெருவுக்குப் போகிறார். நடைபாதையில் கைத்தடியால் இரண்டு மூன்று தட்டு தட்டுகிறார். கதவைத் தட்டி, கடைப் பையனிடம் வழி கேட்கிறார். திரும்பி நடக்கும்போது, தான் பார்க்கப் போனது அவன் முகத்தையல்ல, அவன் கால்சட்டையின் முழங்காலை என்கிறார். வாட்சன் கேட்கிறார், என்ன தெரிந்தது? எதிர்பார்த்தது தெரிந்தது. சரி, நடைபாதையை ஏன் தட்டினாய்? இது கவனிக்கிற நேரம், பேசுகிற நேரமில்லை.

அவ்வளவுதான் பதில். முழங்கால் எப்படி இருந்தது என்று கடைசிப் பக்கங்கள் வரை நமக்குச் சொல்வதில்லை. வாட்சனும் அங்கேதான் நின்றார், அவருக்கும் தெரியவில்லை. ஹோம்ஸ் கதைகளின் சூட்சுமம் இதுதான். விடையைக் கண்டுபிடிக்கத் தேவையான சாமானைக் கோனன் டாயில் நம் கையில் கொடுப்பதில்லை. ஜாலவித்தைக்காரனுக்கு எதிரே முன்வரிசையில் இடம் போட்டுக் கொடுக்கிறார், நாம் வாய்பிளந்து பார்க்கிறோம். போட்டி என்று நினைத்துப் படித்தால் இது அப்பட்டமான ஏமாற்று. வேடிக்கை என்று படித்தால், விடை தெரிந்த பிறகும் அலுப்பதில்லை. இந்தக் கதையை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை, ஆனால் அந்தக் கைத்தடி தட்டுகிற இடம் வந்தால் இன்றைக்கும் நிமிர்ந்து உட்காருகிறேன்.

இன்னொரு வசதி, அளவு. மொத்தம் 4 நாவல், 56 சிறுகதை. பெரும்பாலான கதைகளை அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் முடித்துவிடலாம். கோனன் டாயில் வேகமாக எழுதித் தள்ளியவர், பிசகுகளும் உண்டு. வாட்சனுக்குப் போரில் பட்ட குண்டு ஒரு நாவலில் தோளில் இருக்கும், அடுத்ததில் காலில் இருக்கும். விசிறிகள் இதற்கு விளக்கம் சொல்லியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை.

கிறிஸ்டி இதற்கு நேர் எதிர். அவர் நம்மைப் போட்டிக்கு இழுக்கிறார். பொய்ரோவின் கண்ணில் பட்டது நம் கண்ணிலும் பட்டிருக்கும், ஆனால் பட்டது தெரியாதபடி ஒரு டீக்கோப்பைக்கும் அற்ப வம்புப் பேச்சுக்கும் நடுவே வைத்துவிட்டுப் போயிருப்பார். 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். இரட்டைப் பிறவிகளைத் திடீரென்று கொண்டுவராதே, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் வைக்காதே என்று போகும். அவற்றில் ஒன்று, துப்பறிபவர் கண்டதை அப்போதே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்பது. அந்தக் கட்டளைப்படி பார்த்தால் ஹோம்ஸின் முழங்கால் கேஸ் முதல் விசாரணையிலேயே தள்ளுபடி.

கிறிஸ்டியிடம் இந்த ஆட்டத்தை நான் இப்படித்தான் ஆடுவேன்: எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி உண்மையை உடைக்கும் காட்சி வருகிறது என்று தெரிந்தவுடன் புத்தகத்தை மூடுவேன். ஒரு துண்டுச் சீட்டில் ஒரு பெயர் எழுதி, கடைசிப் பக்கத்தில் செருகிவிட்டு, அப்புறம்தான் மேலே படிப்பேன். 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு' (1950) நாவலைப் பதினேழு வயதில் முதலில் படித்தேன். அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை மாலை 6.30-க்கு லிட்டில் பேடக்ஸ் என்ற வீட்டில் ஒரு கொலை நடைபெறும், நண்பர்கள் இதையே அழைப்பாக ஏற்கவும் என்று ஊர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. அந்த வீட்டு அம்மாளுக்கே அது யார் வேலை என்று தெரியாது. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு நொண்டிச்சாக்கோடு சரியான நேரத்துக்கு வந்து உட்காருகிறார்கள். ஆறரைக்கு விளக்கு அணைகிறது. கிறிஸ்டி எழுதியதிலேயே இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

இருபத்தைந்து வருஷம் கழித்து அதே பிரதியை மறுபடி எடுத்தேன். குற்றவாளி யார் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. வழக்கம்போலக் கடைசிக் காட்சிக்கு முன் நிறுத்தி, பெயர் எழுதி, செருகப் போனால், உள்ளிருந்து பழைய சீட்டு விழுந்தது. பள்ளிக்கூடக் கையெழுத்து, ஊதா மை. அதே பெயர். இரண்டு தடவையும் தப்பு. கால் நூற்றாண்டு அனுபவமும் அந்த அம்மாவிடம் செல்லுபடியாகவில்லை! (அந்தப் பெயர் என்ன என்று சொல்ல மாட்டேன், சொன்னால் உங்களுக்குச் சந்தேகப்பட ஓர் ஆள் குறைந்துவிடும்.)

இவ்வளவு புகழ்ந்த பிறகும் முதல் புத்தகமாகக் கிறிஸ்டியைக் கொடுக்க ஒரு தயக்கம். பெயர்கள். முதல் முப்பது பக்கத்துக்குள் ஒரு டஜன் பேர் வந்துவிடுவார்கள். யாருக்கு யார் அத்தை மகன், யார் இரண்டாம் தாரம் என்பதெல்லாம் தலையில் நிற்க வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பாதித் தூக்கத்தில் படிப்பவனுக்கு அது நடக்காது. தெளிவாக உட்கார்ந்து படிக்க முடிகிறவர்களுக்கு, இவரே முதல் என்றாலும் சம்மதம்தான். அப்போதும் எந்த நாவல் என்பதில் கவனம் வேண்டும். 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' (1926) முதலில் வேண்டவே வேண்டாம். அதன் குண்டு, நாலைந்து துப்பறியும் கதை படித்து, இவையெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று நம்பிக்கை ஊறிய மனசில்தான் வெடிக்கும். புதியவரிடம் பிசுபிசுத்துவிடும். 'அண்ட் தென் தேர் வேர் நன்' (1939) பயங்கரமான விறுவிறுப்பு, ஆனால் அதில் துப்பறிந்து விளக்குகிற கதாநாயகரே கிடையாது. அதைப் படித்துவிட்டு இந்த வகையே இப்படித்தான் என்று முடிவு கட்டினால் தப்பு. 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' (1934) விடை யாராவது ஒருவர் வாயிலிருந்து ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும்.

போட்டிதான் வேண்டும், அதுவும் வெறித்தனமாக வேண்டும் என்பவர்களுக்கு எல்லரி குவீன் இருக்கிறார். அது ஒருவர் இல்லை, இரண்டு ஒன்றுவிட்ட சகோதரர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர். கதையை நடுவில் நிறுத்தி, "துப்புகள் அனைத்தும் உங்கள் முன் இருக்கின்றன, விடையைச் சொல்லுங்கள்" என்று வாசகருக்குச் சவால் விடும் பக்கமே வைத்திருப்பார்கள். பூட்டிய அறைக் கொலைகளுக்கு ஜான் டிக்சன் கார். அவருடைய 'தி ஹாலோ மேன்' (1935) நாவலில் துப்பறிவாளர் டாக்டர் ஃபெல், நாம் ஒரு கதைக்குள்தான் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டே பூட்டிய அறைத் தந்திரங்களை வகை பிரித்து ஒரு அத்தியாயம் முழுக்கப் பாடம் எடுப்பார். இரண்டு பேரும் ஐந்தாவது ஆறாவது புத்தகத்துக்கு உரியவர்கள். டோரதி சேயர்ஸை இன்னும் தள்ளிப் படிக்கலாம். அவர் எழுதியதில் எனக்குப் பிடித்த 'காடி நைட்' (1935) நாவலில் கொலையே இல்லை.

ஃபாதர் பிரவுன் விஷயத்தில் நான் கொஞ்சம் ஊசலாடினேன். அதுவும் சிறுகதைகள்தான், ஐந்து தொகுப்பு. குள்ளமான, குடையைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத ஒரு பாதிரியார். முதல் கதையான 'தி ப்ளூ கிராஸ்' (1910) ஹோம்ஸின் எந்தக் கதைக்கும் சளைத்ததில்லை. பாரிஸ் போலீஸ் தலைவர் வாலன்டின் ஒரு பெரிய திருடனைத் தேடி லண்டன் வருகிறார். ஓர் உணவகத்தில் சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பு இருக்கிறது. சுவரில் சூப்பை யாரோ வீசியிருக்கிறார்கள். பக்கத்துப் பழக்கடையில் ஆரஞ்சுக்கும் கொட்டைக்கும் விலைச்சீட்டு மாறியிருக்கிறது. இன்னொரு கடையில் ஒருவர் முதலில் கூடுதலாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஜன்னலை உடைத்திருக்கிறார். எல்லா இடத்திலும் இரண்டு பாதிரியார்கள் வந்து போயிருக்கிறார்கள். இந்தக் கிறுக்குத்தனங்களைப் பிடித்துக்கொண்டே வாலன்டின் பின்னால் போகிறார், நாமும் போகிறோம்.

ஃபாதர் பிரவுன் நம்மை உட்கார வைக்கும் இடம் பாவமன்னிப்புக் கூண்டு. குற்றம் செய்தவன் மனசுக்குள் போய் நின்று பார்ப்பதுதான் அவர் முறை. அது பிடித்துப்போனால் விடவே முடியாது. ஆனால் செஸ்டர்டனுக்கு எதையும் தலைகீழாகச் சொல்லித்தான் பழக்கம். ஒரு நாளைக்கு ஒரு கதை என்றால் அமிர்தம், மூன்றாவது கதையில் தலை சுற்றும். வேலையில்லாமல் படுத்திருப்பவன் ஒன்றோடு நிறுத்துவானா?

மெக்ரே விஷயத்தில் எனக்குப் பாரபட்சம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஐம்பதைத் தொட்ட பிறகு நான் அதிகம் எடுப்பது சிமெனோனைத்தான். 75 நாவல், 28 சிறுகதை. எல்லாம் மெலிந்த நாவல்கள், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். இதில் பெரிய புதிர் எதுவும் இருக்காது. குற்றவாளி யார் என்பது சில சமயம் பாதியிலேயே தெரிந்துவிடும். மெக்ரே பைப்பைப் புகைத்துக்கொண்டு, கணப்பு அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, செத்தவன் எப்படி வாழ்ந்தான், எந்தக் கடையில் குடித்தான், மனைவியிடம் என்ன மறைத்தான் என்று மெல்ல மெல்ல அந்த வாழ்க்கைக்குள் இறங்குவார். நாம் பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கலாம், எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் புதிதாக வருகிறவன் புதிருக்குத்தான் வருவான். அவனிடம் இதைக் கொடுத்தால், "சித்தி, இதுல துப்பு எங்க இருக்கு?" என்றுதான் கேட்பான்.

இவற்றையெல்லாம் யாருக்குக் கொடுப்பதானாலும் ஒன்றைச் சொல்லித்தான் கொடுப்பேன். எல்லாம் பழைய காலத்து மனசு. யூதர்கள், கறுப்பர்கள், கீழை நாட்டவர் பற்றிய வரிகளில் சில இன்றைக்கு வயிற்றைப் பிரட்டும். செஸ்டர்டனிடமும் உண்டு, கிறிஸ்டியிடமும் சேயர்ஸிடமும் உண்டு. 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலின் முதல் தலைப்பையே பிற்பாடு மாற்ற வேண்டிவந்தது. அதற்காக நான் இவர்களைத் தூக்கிப் போட்டதில்லை, ஆனால் இல்லாதது போலப் பாசாங்கு செய்யவும் முடியவில்லை.

கடைசியில் மாத்திரையும் மயக்கமும்தான் தீர்ப்பை எழுதின. கதை குட்டையாக இருக்க வேண்டும், மூன்று பெயருக்கு மேல் நினைவு வைக்கத் தேவையிருக்கக் கூடாது, பாதியில் தூங்கி எழுந்தாலும் தொடர முடிய வேண்டும். ஹோம்ஸின் முதல் சிறுகதைத் தொகுப்பான 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்' (1892) என்று சொல்லிவிட்டேன். அதில் 12 கதை, இரண்டாவது கதைதான் அந்தச் சிவப்புத் தலைக்காரர். முதல் கதையை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கச் சொன்னேன். முதல் கதையில் ஹோம்ஸ் ஒரு பெண்ணிடம் ஏமாறுகிறார். அவர் ஜெயிப்பதை ஒருமுறையாவது பார்த்தபின் அதைப் படித்தால்தான் ருசி. குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, எழுந்துபோய் வாங்க வேண்டிய வேலையும் இல்லை.

அச்சுப் பிரதியாகப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புதிய பதிப்புகளில் பேராசிரியர்கள் எழுதும் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். கொலையாளி பெயரை இரண்டாம் பத்தியிலேயே போட்டு உடைத்திருப்பார்கள். எனக்கு ஒரு நல்ல நாவல் அப்படிப் பாழானது, இன்னும் ஆறவில்லை.

நேற்று ராத்திரி பத்தரைக்கு போன் வந்தது. "சித்தி, அந்தக் கடைப் பையன் முழங்கால்ல அப்படி என்னதான் இருந்துச்சு?"

இன்னும் எவ்வளவு பக்கம் பாக்கி என்று கேட்டேன்.

"ஏழு."

"போனை வெச்சுட்டுப் படிடா" என்று சொல்லிவிட்டு, நானே முதலில் வைத்தேன்.